நோன்பு வீட்டுப் பகல் சோறு

சென்ற வியாழக்கிழமை எங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் மருத்துவப் பரிசோதனை. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும். மெட்ராஸிலிருந்து டாக்டர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். நாங்கள் கேன்டீன் வராந்தாவில் வரிசையாக நிற்போம். நாள் முழுக்க நெருப்போடு விளையாடும் வெல்டிங் பிரிவுக்காரர்கள்கூட அன்றைக்கு ஊசியைப் பார்த்ததும் பேச்சு மூச்சில்லாமல் ஆகிவிடுவார்கள்.

என் முறை வந்தது. சின்ன வயது லேடி டாக்டர்.

"சர்க்கரை எத்தனை வருஷமா சார்?"

"அறுபத்தாறு ஆகஸ்டிலிருந்து."

மாதத்தையும் சேர்த்துச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். என்ன செய்வது? நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். தேதி இல்லாமல் எனக்கு எதுவும் சொல்ல வராது.

கண்ணைப் பார்த்தார். பாதத்தில் குண்டூசியால் மெல்லத் தொட்டு "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"ஆச்சரியமா இருக்கு சார். இத்தனை வருஷம் இன்சுலின் போட்டுக்கறவங்களுக்கு இந்நேரம் ஏதாவது ஒரு வம்பு ஆரம்பிச்சிருக்கும். உங்களுக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடறீங்கன்னு தெரியுது. யார் பழக்கினாங்க? வீட்டுக்காரம்மாவா?"

"இல்லை டாக்டர். நோன்பு பிடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம்."

பேனாவைக் கீழே வைத்தார். என் கண்ணை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு, குழந்தையிடம் பேசுவதுபோல மெல்லக் கேட்டார்:

"சார்... காலையில டிபன் சாப்பிட்டீங்களா?"

சர்க்கரை இறங்கினால் மனிதன் உளறுவான் என்று அவர்கள் பாடத்தில் இருக்கிறது. என் அனுபவத்திலும் இருக்கிறது! பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவருக்கு விளக்க நேரமில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பழவேற்காட்டில் வேலை பார்த்தேன். மெட்ராஸ் கம்பெனி ஒன்று வெளிநாட்டுக்கு இறால் அனுப்பிக்கொண்டிருந்தது. ஏரியில் பிடிபடும் இறாலை எடை போட்டு, தரம் பிரித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றுவதற்குக் கரையோரம் ஒரு டிப்போ. உள்ளூர் ஏஜென்ட் தாவூது பாய். கம்பெனியின் கணக்கர் நான். டிப்போவுக்குப் பின்பக்கமே பாயின் வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு.

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பாயின் மனைவி. ஊரே அவரை பாயம்மா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். முகத்தைப் பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். பாயைவிட அந்தக் குரலுக்கு டிப்போவில் மரியாதை அதிகம்.

எனக்குச் சர்க்கரை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மறைக்க வழியில்லை. இன்சுலின் பாட்டிலை ஜில்லென்று வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. அன்றைய பழவேற்காட்டில் பிரிட்ஜுக்கு எங்கே போவது? இறால் பெட்டியின் ஓரத்தில், ஐஸ் படாமல் உமிக்குள் புதைத்து வைத்தேன். தினமும் காலையில் இறாலைத் தள்ளிவிட்டு மருந்தைத் தோண்டி எடுப்பேன். எல்லப்பன் என்ற படகுக்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

"இன்னா சார், உன் மருந்தும் ஃபாரினுக்குப் போவப்போவுது பாரு. வெள்ளைக்காரன் எறாவோட சேத்து வறுத்துத் துன்னப்போறான்!"

மருந்து பிரச்சினையில்லை. பிரச்சினை சோறு.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஊசி போடக் கற்றுக்கொடுத்த அன்றே சொல்லிவிட்டார்: "ஊசி உள்ளே போனதும் அது வேலையை ஆரம்பிச்சிடும். அதுக்குச் சோறு வேணும். நீ நேரத்துக்குப் போடலேன்னா உன்னையே தின்னுடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் சொல்ல முடியாத வேலைன்னா, அந்த வேலையை விட்டுடு."

விட்டுடு என்று சொல்வது சுலபம். மனைவி அப்போது மணவாள நகரில், தாய் வீட்டில். எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும், ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்?

டிப்போ வேலையோ, சோற்றுக்கு ஜென்மப் பகை. படகு எப்போது கரைக்கு வரும் என்று காற்றுதான் முடிவு செய்யும். வந்துவிட்டால் இறால் காத்திருக்காது. பெட்டியை மூடி லாரி கிளம்பும்வரை யாரும் கை கழுவ முடியாது. மீனவர்கள் படகிலேயே பழையதைக் குடித்துவிட்டு வருவார்கள். சில நாள் அதுவும் இருக்காது. கேட்டால், "சோறு எங்கே ஓடிப்பூடும்?" என்பார்கள்.

அவர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நம் ஊரில் பட்டினி கிடந்து வேலை பார்ப்பது ஒரு பட்டம் மாதிரி. "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை" என்று சொல்லும்போது நம் முகத்தில் வருகிற பெருமை இருக்கிறதே... வயிறு நிறையச் சாப்பிட்டவன் முகத்தில்கூட அது வராது.

எப்படியோ சமாளித்தேன். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. படகு வந்தாலும் வராவிட்டாலும் நடுப்பகலில் ஓடிப்போய் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். எனக்காக முதல் இலையை முன்கூட்டியே போட்டு வைப்பார் கடைக்காரர்.

அப்புறம் 1967 டிசம்பர் வந்தது. மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். ரம்ஜானும் மார்கழியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வருஷம் அது. ஒரு பக்கம் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புகிறவரின் குரல், மறுபக்கம் பஜனைக் கோஷ்டியின் தாளம். விடியுமுன்பே ஊர் முழித்துக்கொள்ளும்.

பிறை தெரிந்த மறுநாள், எதிர்க் கடை மூடிக்கிடந்தது. ஒரு மாதத்துக்குப் பகலில் அடுப்பில்லை. கடைக்காரரும் நோன்பாளி. அது அவர்கள் வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பொன்னேரியிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

தராசுக்காரர் நோன்பு. பெட்டி அடுக்குகிறவர்கள் நோன்பு. பாய் நோன்பு. உதடு வெடித்து, தண்ணீர் குடிக்காமல் ஐஸ்கட்டியைத் தூக்குகிறார்கள். அவர்கள் எதிரில் நான் வாழைப்பழத்தை உரிப்பதா? எல்லப்பனே பீடியை மடியில் செருகிவிட்டார்.

"நோம்பு மாசத்துல பாய் எதிர்ல நான் பீடி வலிக்க மாட்டேன் சார். எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்பிடித்தான். கூப்புட்டு யாரும் சொல்லல. நமக்கே தெரியாது?"

ஒரு பீடிக்கே இந்த மரியாதை! நான் மட்டும் தட்டை விரித்துக்கொண்டு உட்காருவேனா? ஐஸ் கொட்டகைக்குப் பின்னால், சவுக்குத் தோப்பில் போய் ஒளிந்து சாப்பிடலாம் என்று முடிவு செய்தேன்.

தோப்புக்குப் போகக் கிளம்பினால் படகு வரும். படகு போனால் லாரி வரும். பாய் பகல் தொழுகைக்குப் போய்விடுவார். பொறுப்பு என் தலையில். இரண்டு மூன்று நாள், பகல் சாப்பாடு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. கை நடுங்கியது. ஒரு துண்டு பழத்தை வாயில் போட்டுச் சமாளித்தேன்.

அந்த வாரக் கடைசியில் நடந்தது எனக்கு நினைவில்லை. எல்லப்பன் சொல்லித்தான் தெரியும். எல்லப்பன் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

நல்ல மகசூல். தராசு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் எடையை எழுதிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று பென்சிலைக் கீழே எறிந்துவிட்டு எல்லப்பனைப் பார்த்துக் கத்தினேனாம்:

"உன் எறா என்னைப் பாத்துச் சிரிக்குது. மொதல்ல அத நிறுத்தச் சொல்லு!"

எல்லப்பன் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம்.

"இன்னா சார், பட்டப்பகல்ல எங்க கெடச்சுது உனுக்கு? சொல்லவேல்லியே!"

டிப்போவே சிரித்தது. நான் இறால் கூடையைக் காலால் தள்ளப் போனேன். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. டிசம்பர்க் காற்றில், ஐஸ் கொட்டகையில், வியர்வை! அப்படியே சரிந்து விழுந்தேன்.

தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த பாய் வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"குடியுமில்ல ஒண்ணுமில்ல, அவனுக்குச் சக்கரை எறங்கிடுச்சு! இந்தா, கதவத் தொற! சக்கரைத் தண்ணி கொண்டா!"

நடுக்கதவு திறந்தது. பாய் கை நீட்டினார். ஆனால் பாத்திரம் மட்டும் வரவில்லை. பாத்திரத்தோடு பாயம்மாவே வந்துவிட்டார். டிப்போவில் அத்தனை ஆண்கள் நின்றிருக்க, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என் தலையைப் பிடித்து, நோன்பு திறக்கக் கரைத்து வைத்திருந்த சர்பத்தை வாயில் ஊற்றினார். நான் துப்பினேனாம். மறுபடி ஊற்றினார். மறுபடி துப்பினேனாம்.

"துப்புனா உடுவேனா? முழுங்கு தம்பி. முழுங்குடா!"

இந்த "டா" மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. கிணற்றுக்குள் விழுந்தவனுக்குக் கயிறு விழுந்த மாதிரி, அந்த ஒரு எழுத்து.

கண் விழித்தபோது அவர் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். பாய் என் எதிரில் குந்தியிருந்தார். நான் பிழைத்தது தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. அதுவரை பொறுத்திருந்ததே பெரிது.

"இன்னா தம்பி, சோறு துன்னலியா?"

"நீங்கள்லாம் நோன்பா இருக்கும்போது எதிர்ல எப்படி பாய்..."

"நாங்க நோம்பு பிடிக்கிறது அல்லாவுக்கு. நீ யாருக்குய்யா பிடிச்சே?"

எழப் பார்த்தேன். பாய் தோளை அழுத்தினார்.

"எங்க மார்க்கத்துலயே நோயாளிக்கு நோம்பு இல்லேன்னு சலுகை இருக்கு. எங்க நோயாளிக்கே இல்லாத நோம்ப உனுக்கு எவன் குடுத்தான்? நீ பாட்டுக்கு மரியாத காட்டிக்கினு செத்துப்பூட்டா, மணவாள நகர்ல வாயும் வயிறுமா உக்காந்துக்கினுக்கீதே ஒரு பொண்ணு, அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமும் வந்தது. டாக்டர் சொன்னது சரிதான், இது எனக்கு ஏற்ற வேலையில்லை என்று பட்டது.

"நான் ஊருக்கே போயிடறேன் பாய். கம்பெனியில வேற ஆளை அனுப்பச் சொல்றேன்."

பாய் வாயைத் திறக்குமுன் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போறவரு போவட்டும். ஆனா நாளைக்கிப் பகல் சோறு இங்க துன்னுட்டுத்தான் போவணும். நாளான்னிக்கும் அப்பிடித்தான். நாளைலேர்ந்து பாங்கு சொல்றதுக்கு முன்னாடி தட்டு வந்துடும்னு சொல்லுங்க."

வந்தது. பள்ளிவாசலில் பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் கதவில் டக் டக்கென்று இரண்டு தட்டு. திறந்தால் மூடிய தட்டு ஒன்று முக்காலியில் இருக்கும். சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல். நோன்பு வீட்டில் பகலில் அடுப்பெரிய அவசியமே இல்லை. பிற்பகலில் நோன்புக் கஞ்சிக்குத்தான் மூட்டுவார்கள். எனக்கென்று ஒருவர் வெறும் வயிற்றோடு, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், தாளித்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தேன். பாய் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போறே? போனா லேட்டாவும். தராசாண்டயே உக்காரு. எல்லாரும் பாக்கட்டும். நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள தட்டு காலியா இருக்கணும்."

"தராசு?"

"நிக்கட்டும்."

எல்லப்பன் பதறினார். அவர் கூடை அப்போதுதான் இறங்கியிருந்தது.

"பாய், தராச நிறுத்துனா எறா கெட்டுப்பூடும்!"

"எறா கெடாம இருக்க ஐஸ் கீது. இவன் கெட்டாலும் ஐஸ்லதான் வெக்கணும். எது பரவால்ல, சொல்லு!"

எல்லப்பன் கூடைமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றி நோன்பாளிகள். ஆனால் ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தராசுக்காரர், "சோத்த நல்லா பிசைஞ்சு துன்னு சார், நமக்கு சாயங்காலம் ரெண்டு மடங்கா கீது" என்று என்னைத் தேற்றினார். பட்டினி கிடப்பவர் சாப்பிடுகிறவனைத் தேற்றுகிறார்... இதை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சமையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாயம்மா உப்புப் பார்க்காமல் சமைத்தார். கையளவுதான் கணக்கு. பெரும்பாலும் அமிர்தம். ஒரு நாள் குழம்பு கடலாக இருந்தது. மறுநாள், முந்தின நாள் சந்தேகம் வந்ததோ என்னவோ, உப்பே இல்லை. இரண்டையும் வழித்துச் சாப்பிட்டேன். தட்டைத் திருப்பி வைக்கும்போது "நல்லா இருந்தது" என்று கதவைப் பார்த்துச் சொல்வேன். கடல்குழம்பு நாளில் எல்லப்பன் என் குடத்திலிருந்த தண்ணீர் முழுவதும் தீர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருநாள் விருந்தில் எங்கள் இருவருக்கும் அருகருகே பரிமாறியபோதுதான் போட்டு உடைத்தார்:

"பாயம்மா, இந்த மனுசன் ஒரு மாசமா பொய் சொல்லிக்கினுகீறாரு! ஒரு நாளு உன் கொயம்புல எறாவே உயிரோட நீந்திருக்கும்!"

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்பை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

அந்த ஒரு மாதத்தில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. நோன்பு என்றால் சாப்பிடாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வீட்டைப் பார்த்த பிறகு புரிந்தது. நேரத்துக்குச் சாப்பிடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. விடியுமுன் ஒரு வேளை, சூரியன் விழுந்ததும் ஒரு வேளை. ஒரு நிமிஷம் முன்னுமில்லை, பின்னுமில்லை. நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டால் கையிலிருக்கும் வேலை அப்படியே நிற்கும். யாரும் "இதோ, இத முடிச்சுட்டு" என்று சொல்லமாட்டார்கள். சோற்றின் நேரத்தை அவ்வளவு மதிக்கிறவர்களுக்குத்தான், இன்னொருவன் நேரம் தவறுவது பொறுக்கவில்லை. நாமோ வருஷம் முழுவதும் சாப்பிடுகிறோம். ஒரு நாளாவது நேரத்தோடு சாப்பிடுகிறோமா?

பெருநாள் முடிந்து எதிர்க்கடை திறந்தது. நானும் பழைய இலைக்குத் திரும்பினேன். ஆனால் தராசு நிற்பது மட்டும் நிற்கவில்லை. பாங்கு கேட்டதும் பாய் தொழப்போவார், நான் கடைக்குப் போவேன். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று எல்லப்பன் ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவர ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்றப் படகுக்காரர்களும். நான் அங்கே இருந்த கடைசி நாள்வரை ஏரிக்கரையில் நடுப்பகலில் ஒரு சாப்பாட்டு வேளை இருந்தது. இறால் ஒன்றும் கெடவில்லை. வயிற்று எரிச்சலுக்குச் சோடா தேடி ஓடுகிறவர்கள் குறைந்தார்கள் என்று எல்லப்பன் சொன்னார். அதில் பாதியைக் கழிக்க வேண்டியதில்லை. நானே பார்த்தேன்.

68 ஏப்ரலில் எனக்குப் பெண் பிறந்தாள். கம்பெனி என்னை மாற்றவில்லை. நானும் போகவில்லை. நவம்பரில் மறுபடி பிறை தெரிந்தது. எதிர்க்கடை மூடிற்று. கேட்காமலே, சொல்லாமலே, மறுநாள் பாங்குக்கு முன்னால் கதவில் இரண்டு தட்டு. முக்காலியில் மூடிய தட்டு.

எனக்குத் தாளவில்லை. நான் இவர்களுக்கு என்ன செய்தேன்? என்ன செய்ய முடியும்? யோசித்து யோசித்து ஒன்று தோன்றியது. பாயிடம் போனேன்.

"பாய், டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, ஊசியைக் குறைச்சுக்கிட்டு, ஒரே ஒரு நாள் உங்களோட நானும் நோன்பு இருக்கேன். என் நன்றிக்கு."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு கதவைப் பார்த்தார். இந்த மாதிரி விஷயங்களில் தீர்ப்பு அங்கிருந்துதான் வரும். வந்தது.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க. அது பங்கு நோம்பையும் சேத்து நானே பிடிச்சிக்கிறேன். அது பங்கு சோத்த அது ஒழுங்கா துன்னட்டும்."

என் பங்கு நோன்பை அவர் எப்படிக் கணக்கில் சேர்த்தாரோ, தெரியாது. என் பங்குச் சோற்றை நான் இன்றுவரை பாக்கி வைக்கவில்லை.